உயர்மட்ட ரயில் யாருடைய நெரிசலைத் தீர்க்கிறது?

மதுரைக்கான மெட்ரோ ரயில் திட்டத்தை நடுவண் அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. நகரின் மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கி.மீ. நீளமுள்ள இப்பாதையின் பெரும்பகுதி தூண்களின் மீது அமைவதாகத் திட்டமிடப்பட்டது. சின்னமனூரிலிருந்து மருத்துவத்திற்கும் கூலி வேலைக்கும் மதுரை செல்லும் மக்களுக்கும் இதில் அக்கறை உண்டு. ஆனால் விவாதம் முழுவதும் இரு அரசுகளுக்கிடையேயான பூசலாகவே சுருங்கிவிட்டது. திட்டம் மீண்டும் வரும்போது அது யாருக்கானதாக இருக்க வேண்டும் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

உயர்மட்ட ரயிலின் பயனை நாம் மறுக்கவில்லை. சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார்களே செல்ல முடியும். அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஓரிருவரே இருப்பர். நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு மெட்ரோ ரயிலோ ஒரே நடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும். சுரங்கப் பாதையைவிட உயர்மட்டப் பாதைக்குச் செலவு மிகக் குறைவு. தரைவழிப் பாதையைப் போலச் சாலைகளைக் குறுக்கே வெட்டுவதும் இல்லை.

ஆயினும் தூண் நடுவதற்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தை எங்கே தேடினார்கள் என்பதைச் சென்னையின் பறக்கும் ரயில் காட்டுகிறது. கடற்கரையிலிருந்து 1995இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில், 1997இல் மயிலாப்பூரையும், 2004இல் திருவான்மியூரையும், 2007இல் வேளச்சேரியையும் எட்டியது. பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே எழுந்தது. கால்வாய்க்குள்ளேயே தூண்கள் இறங்கின, நீரோட்டம் குறுகியது, கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. பட்டா உள்ளவருக்கே நிலத்தின் விலை கிடைக்கும். புறம்போக்கில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு, அவர்களுள் பெரும்பான்மையோர் தலித்துகள், நகருக்கு வெளியே ஒரு சிறு வீடு மட்டுமே.

கால்வாய், ஆற்றங்கரைகளிலிருந்து பல்வேறு திட்டங்களின் பெயரால் வெளியேற்றப்பட்டோர் 2000 முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டுவேலை செய்த பெண்கள் பலர் வேலையை இழந்தனர். மற்றவர்கள் நாள்தோறும் பல மணி நேரத்தைப் பேருந்தில் கழித்தனர். இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை பெரும்பாக்கம் வழியாகச் செல்லவிருக்கிறது. வீட்டைப் பறித்தபோதே வந்திருக்க வேண்டிய ரயில் இது.

ரயில் வந்தாலும் கட்டணம் தடுக்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மெட்ரோவில் அச்சலுகை கிடையாது. நெடுந்தொலைவுப் பயணத்திற்கு 50 ரூபாய் வரை ஆகிறது. எனவே கூலிப் பெண், தூண்களுக்குக் கீழே, அதே நெரிசலில் பேருந்துக்காகக் காத்து நிற்கிறார்.

வேறு வழி இல்லாமலில்லை. கொலம்பியாவின் மெடலின் நகரம் 2004இல் மலைச்சரிவிலிருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குக் கம்பிவட ஊர்தி அமைத்து, அதை மெட்ரோவுடன் இணைத்தது. மக்களை அப்புறப்படுத்தாமல் போக்குவரத்தை அவர்களிடம் கொண்டுசென்றது.

கம்பம் பள்ளத்தாக்கின் நிலையையும் இங்கே பார்க்க வேண்டும். மதுரை-போடி ரயில் 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 சூனில் போடிக்கும் திரும்பியது. சின்னமனூருக்கு இன்றும் ரயில் இல்லை. இப்பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளர்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறுகின்றனர். ஊரில் நிலமும் வேலையும் அற்றவர்கள்தாம் நகரத்தின் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்கின்றனர். அங்கே தூணுக்கு இடம்விட்டு அகலச் சொல்லப்படுபவர்களும் அவர்களே.

ஆகவே மதுரைத் திட்டம் மீண்டும் வரையப்படுமானால் நாம் வலியுறுத்த வேண்டியவை மூன்று. தூணுக்கான இடத்தைக் குறிக்கும் முன்பே, பட்டா இல்லாதோர் உட்பட அங்கு வாழும் அனைவரின் பட்டியலும் வெளியிடப்பட வேண்டும். மாற்று வீடு, அவர்களின் வேலையிடத்திற்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அருகிலேயே, பணி தொடங்குமுன் தரப்பட வேண்டும். பேருந்தில் பெண்கள் பெற்ற கட்டணமில்லாப் பயண உரிமை ரயிலிலும் தொடர வேண்டும். இவற்றுக்கான செலவு சலுகையன்று. சிமெண்ட், கம்பியைப் போலவே திட்டச் செலவின் பகுதியாகும்.