சம்பளத்தில் உங்களுடையது எவ்வளவு?

புனே ஹடப்சரை ஒட்டிய மகர்பட்டா சிட்டி, அந்த மண்ணின் விவசாயிகள் எழுப்பிய நகரம். சதீஷ் மகர் தலைமையில் சுமார் 120 குடும்பங்கள் 400 ஏக்கருக்கு மேல் நிலத்தை ஒன்றாகச் சேர்த்தன. விற்றுவிட்டு ஒதுங்காமல், அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பக் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொண்டன. வருமானம் தொடர்ந்து வர வேண்டும் என்று யோசித்தவர்கள் அவர்கள். அதே வளாகத்து ஐ.டி. அலுவலகங்களுக்கு நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு மாதச் சம்பளம் பாதி மாதம்கூடத் தாங்குவதில்லை.

டீக்கடைச் செலவைக் குறை சொல்லிப் பயனில்லை. தவணைகளைப் பாருங்கள். வாடகை, இ.எம்.ஐ., கார்டு பாக்கி, வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை முதலில் எழுதிக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் கையில் இருக்கும் சம்பளம். அதில் சேமிப்பைச் சம்பளத் தேதியிலேயே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டுவது பெரிய ஆபத்து. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். 50,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 1,750 ரூபாய் வட்டி; ஜி.எஸ்.டி. தனி. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தனிநபர் கடன் வாங்கினால் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு இது கட்டாயம். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். ஆப் வழியாக வாங்கிய கடன் வேண்டாமென்று தோன்றினால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். உங்கள் போனின் தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் ஆப் தொடவே கூடாது. கேட்டால் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.

மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. டெபாசிட் தொகை அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைத்தால், மிரட்டினால், முதலில் வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தரவில்லையென்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம், விவரத்துக்கு 14448. பணமே மோசடியில் போயிருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.