கறிக்குப் புகை போடலாமா?

நாட்டுக்கோழியை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கிய பிறகும் தோலில் பூமயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் போக்க உடம்பெல்லாம் மஞ்சள் தடவி, காலைப் பிடித்துத் தூக்கி, ஒரு கத்தை வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் முன்னும் பின்னும் புரட்டுவார்கள். பூமயிர் பொசுங்கும். தோல் இறுகி மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறும். இறக்கை நுனி கறுக்கும், கொழுப்பு மினுமினுவென்று கசியும். மொத்தமே இரண்டு மூன்று நிமிட வேலை. தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்தில் இதைக் கோழி வாட்டுவது என்பார்கள். ஆட்டுத் தலைக்கும் காலுக்கும் இதே கதிதான். வாட்டாத கோழியில் வைத்த குழம்பு வீட்டுப் பெரியவர்களுக்குத் தொண்டையில் இறங்காது.

இப்போது பல கறிக்கடைகளில் வைக்கோலுக்குப் பதில் கேஸ் டார்ச் வந்துவிட்டது. மயிர் சுத்தமாகப் போகிறது, மணம்தான் வருவதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கறிக்குப் புகை போட ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்கும் ஸ்மோக்கரின் சூட்சுமம் முழுவதும் இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

சமையல் எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும். நன்றாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மிஞ்சும். கறிக்கு மணமேற்றும் சரக்கு எதுவும் அதில் கிடையாது. வைக்கோலும் விறகும் வேறு ஜாதி. அவற்றின் உடம்பு ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்களால் ஆனது. சூடேற ஏற முதலில் ஹெமிசெல்லுலோஸ் சிதையும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது உடையத் தொடங்கி அசிட்டிக் அமிலத்தையும் ஃபார்மால்டிஹைடு போன்ற கார்பனைல் சேர்மங்களையும் விடும். அடுத்தது செல்லுலோஸ். இந்தக் கார்பனைல்கள் கறியின் புரதத்தோடு வினைபுரிவதால்தான் அந்தப் பொன்னிறம் வருகிறது. கடைசியாக உடைவது மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின். அது உடையும்போது பிறக்கும் குவையகாலும் சிரிங்காலும்தான் நாம் புகைச் சுவை, புகை வாசனை என்று சொல்வது. முன்னது பெரும்பாலும் நாக்குக்கு, பின்னது மூக்குக்கு.

புல் குடும்பத்தைச் சேர்ந்த நெல்லிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. அதன் தாளில் ஃபெரூலிக் அமிலம் நிறைய. தவிட்டு எண்ணெய் விளம்பரங்களில் ‘ஒரைசனால்’ என்று பெரிதாகப் போடுகிறார்களே, அதுவும் இந்த அமிலத்திலிருந்து உண்டானதுதான். சூடுபட்டால் இந்த அமிலம் 4-வினைல்குவையகாலாக மாறும். கிராம்பையும் புகையையும் சேர்த்து முகர்ந்தது போன்ற வாடை அதற்கு. வைக்கோலில் வாட்டிய கோழியின் மணத்துக்கு இதுவும் ஒரு பங்காளி. ஜப்பானின் கொச்சி மாகாணத்தில் சூரை மீனை வைக்கோல் தீயில் வெளிப்புறம் மட்டும் வாட்டி, உள்ளே பச்சையாகவே வைத்துத் துண்டு போடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு விருந்தாளிக்கு வைக்கும் பதார்த்தம் அது. நம் ஊரில் அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் கட்டுகளாகச் சுருட்டப்பட்டு லாரி ஏறிவிடுகிறது. கோழி வாட்ட ஒரு கத்தைக்கு அலைய வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர், அமெரிக்கா போய்வந்தவர்கள், யூடியூபில் டெக்சாஸ் கறி பார்த்தவர்கள் என்று இப்போது ஒரு கூட்டம் கொல்லையில் வைக்க ஸ்மோக்கர் விசாரிக்கிறது. எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால் புகை எதற்கு என்று பார்த்துவிடுவது நல்லது.

குளிர் நாடுகளிலும் மழைக்காடுகளிலும் புகை என்பது கெடாமல் காப்பதற்கான வழி. நாகாலாந்தில் பன்றிக் கறியை அடுப்புக்கு மேலே நாள்கணக்கில் தொங்கவிடுவது அதனால்தான். அங்கே வெயிலை நம்பிக் கறி காயப்போட முடியாது. காவிரிக் கரையில் அந்த நெருக்கடி வந்ததில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் உப்பும் மஞ்சளும் தடவிய கறித்துண்டுகளைக் கோத்து மொட்டை மாடியில் கட்டினால் சில நாளில் உப்புக்கண்டம் தயார். உப்பும் வெயிலும் சேர்ந்து கறியிலுள்ள ஈரத்தைக் கிருமிகளுக்கு எட்டாதபடி செய்துவிடுகின்றன. இந்த எட்டும் ஈரத்தை நீர்ச்செயல்பாடு என்று 0 முதல் 1 வரை அளக்கிறார்கள். பச்சைக் கறியில் அது 0.99 அளவில் இருக்கும். 0.91க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகாது. பிடிவாதம் பிடிக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கூட 0.86 அளவில் அடங்கிவிடும். கோடியக்கரை முதல் நாகை வரை கருவாடு காய்வதும் இதே கணக்கில்தான். புகைக்கு அங்கே வேலையே இல்லை.

தமிழ்ச் சமையலறைக்குள் வந்த புகை மீன் என்றால் அது மாசி. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரையை உப்புநீரில் வேகவைத்து, புகையிட்டு, மரக்கட்டையாகும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக இருந்த இபின் பதூதா, அங்கே மீனை லேசாக வேகவைத்து ஓலைக் கூடைகளில் வைத்துப் புகை போடுவதை எழுதி வைத்திருக்கிறார். இதே மீனை ஜப்பானியர்கள் காட்சுவோபுஷி ஆக்குகிறார்கள். அதற்கு அதன் தனிச்சுவையைத் தருவது இனோசினேட் என்று 1913-ல் ஷின்டாரோ கொடாமா கண்டுபிடித்தார். மாசிச் சம்பல் ஒரு சிட்டிகை போதும் என்பதன் காரணமும் அந்த இனோசினேட்தான். ஆனால் மாசியைக் காப்பாற்றுவது புகை மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வேகவைத்தல், உப்பு, வெயில் எல்லாம் சேர்ந்துதான் காக்கின்றன. புகை மேற்பரப்பில்தான் படிகிறது. ஒரு அங்குலம் உள்ளே இருக்கும் கிருமிக்குப் புகை போட்ட சேதியே தெரியாது.

இதிலிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. ஐரோப்பாவில் சால்மன் மீனுக்குப் போடுவது குளிர்ப் புகை. புகை போடும் கூண்டுக்குள் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். தஞ்சாவூரில் சித்திரை மாதம் தீ மூட்டாமலே கூண்டு அதைத் தாண்டியிருக்கும். மார்கழிப் பகலிலும் வித்தியாசம் அதிகமில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பது பாலபாடம். அந்த வெப்பத்தில் கறியை மணிக்கணக்கில் தொங்கவிட்டால் அது சமையல் இல்லை, கிருமி வளர்ப்பு. ஆகவே இங்கே குளிர்ப் புகை வேண்டவே வேண்டாம். கூண்டு 105 முதல் 130 டிகிரி வரை இருக்கும் சுடு புகைதான் நமக்கு. கோழி என்றால் தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி வந்தாக வேண்டும்.

ஆட்டுத் தொடைக்கு 74 போதாது. தசைகளைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற நார் கரைந்து ஜெலட்டினாக வேண்டும். 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல நடக்கிற காரியம் அது. உள்வெப்பம் 90-ஐத் தாண்டிச் சிறிது நேரம் நின்றால்தான் கறி எலும்பை விட்டு வரும். இங்கே எல்லோரும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். உள்வெப்பம் மடமடவென்று 65 வரை ஏறும், பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் நகராது. தீ போதவில்லை என்று நினைத்துக் கரியை அள்ளிப் போடத் தோன்றும். உண்மையில் தீயில் ஒரு குறையும் இல்லை. கறியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலக் கறியைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் இதைச் சோதித்துக் காட்டினார். அங்கே இதற்கு மாற்றாகக் கறியைத் தாளிலோ அலுமினியத் தகட்டிலோ சுற்றுகிறார்கள். நமக்கு வாழையிலை இருக்கிறது. தணலில் வாட்டி மூன்று நான்கு அடுக்காகச் சுற்றினால் தாங்கும். மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் பன்றிக் கறியை வாழையிலையில் பொதிந்துதான் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள்.

சரி, கருவி. டெக்சாஸ்காரர் புகை போடுவது ஐந்தாறு கிலோ மாட்டு நெஞ்சுக்கறிக்கு. அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகும். நம் வெள்ளாட்டின் தொடை இரண்டு கிலோவைத் தாண்டுவது அபூர்வம், கொழுப்பும் குறைவு. ஆகவே நீளமான படுக்கைக் கூண்டும் பக்கத்தில் தீ மூட்டும் பெட்டியும் கொண்ட ஆஃப்செட் வகை நமக்குத் தேவையில்லை. அதற்கு மணிக்கொரு தரம் விறகு போட ஆள் வேண்டும், மலிவான தகட்டில் செய்தவை எல்லா மூட்டிலும் ஒழுகும். பெல்லட் வகை அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 1980-களில் ஜோ டிரேகர் உருவாக்கியது. மரத்தூள் குச்சிகளைத் தானே ஊட்டிக்கொள்ளும் சாமர்த்தியசாலி. ஆனால் மின்சாரம் வேண்டும். ஐப்பசி அடைமழைக் காற்றில் அந்தக் குச்சிகள் ஈரம் குடித்து உதிர்ந்து தூளாகிவிடும். டெல்டாவுக்கு அது சரிப்படாது. முட்டை வடிவப் பீங்கான் கமாடோ அருமையான பொருள், விலையும் அப்படியே. அதன் மூதாதை ஜப்பானில் சோறாக்கும் மண் அடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குத் தூக்கிப் போய் இறைச்சி அடுப்பாக்கிவிட்டார்கள்.

என் ஓட்டு 200 லிட்டர் டிரம்முக்கு. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். அடியில் கரிக்கூடை, அதன் பக்கத்தில் மூடித் திறக்கும் காற்றுத் துளை, மூடியில் ஒரு புகைத் துளை, கரிக்கு இரண்டடி உயரத்தில் கம்பித் தட்டு, நடுவில் கொழுப்பு சொட்டாமல் தாங்கவும் தண்ணீர் வைக்கவும் ஒரு அகலத் தட்டு. அவ்வளவுதான். தீயின் சூட்டைக் கரியின் அளவைவிட உள்ளே போகும் காற்றுதான் தீர்மானிக்கிறது. கீழ்த்துளையைக் கால் அங்குலம் மூடினாலே பத்து நிமிடத்தில் தெர்மாமீட்டர் முள் இறங்குவதைப் பார்க்கலாம். டிரம் சமையல் எண்ணெய் வந்ததாக இருக்கட்டும். பூச்சிமருந்து, பெயிண்ட் வந்தது ஆகவே ஆகாது. உள்பூச்சு முழுதும் எரிந்து போக முதலில் வெறுமனே கடும் தீ போட வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு, கம்பி வலை கூடாது.

விறகுக்குப் பஞ்சமில்லை. டெக்சாஸில் பெயர்போன மெஸ்கீட் மரமும் வேலியோரம் நாம் வெட்டி மாளாத சீமைக் கருவேலமும் நெருங்கிய சொந்தம். ராமநாதபுரத்திலிருந்து வரும் கரி பெரும்பாலும் இதுதான். அதன் புகை காட்டமானது, அதனால் கரியாகப் போட்டு, மேலே புளியோ மாவோ இரண்டு துண்டு வைத்தால் போதும். சவுக்கைப் பார்த்தால் பைன் மாதிரி இருக்கும், ஆனால் அது ஊசியிலை மரமல்ல. பைனைப் போல் பிசின் புகையாது, தாராளமாகப் போடலாம். கொட்டாங்கச்சியும் நல்லதே. வேம்பு கசக்கும். அரளி விஷம், அதன் குச்சியைப் பக்கத்தில் கூட விடக்கூடாது. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் உடம்பைப் புண்ணாக்கும். பிளைவுட் துண்டு, மரப்பட்டறைத் தூள் வேண்டாம், அதில் என்ன பசை, என்ன வார்னிஷ் என்று யாருக்கும் தெரியாது. விறகைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். ஊறிய நீர் ஆவியாகித் தீரும்வரை மரம் 100 டிகிரியைத் தாண்டாது, லிக்னின் உடையாது. நாம் பார்ப்பது புகையல்ல, வெறும் நீராவி. அடர்ந்த வெள்ளைப் புகை கறியில் கசப்பேற்றும். நீலம் பாரித்த மெல்லிய புகைதான் வேண்டியது.

புகைக்கு ஒரு கொடூர முகமும் உண்டு. லண்டன் புகைபோக்கிகளைத் துடைத்த சிறுவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதினார். அதற்குப் பின்னாலிருந்த பென்சோபைரீன் 1933-ல் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தணலில் கொழுப்பு சொட்டி எழும் புகையிலும் அது இருக்கிறது. நடுவில் தட்டு வைக்கச் சொன்னது அதற்காகத்தான். புகையிட்ட கறியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியை 2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. மாதம் ஒரு நாள் விருந்துக்கு என்றால் பயப்பட ஒன்றுமில்லை, தினசரிச் சாப்பாடாக்க வேண்டாம். விறகடுப்புக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள், அந்தப் புகையை ஊதி ஊதிக் கண்ணும் நெஞ்சும் கெட்டவர்கள் யார் என்பதையும் நினைத்துக்கொள்ளட்டும். டிரம்மைக் கொல்லையின் கோடியில், காற்று போகும் பக்கம் பார்த்து வையுங்கள். சார்ப்புக்குள்ளோ கார் நிறுத்துமிடத்திலோ மூட்டினால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

ஸ்மோக்கருக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், டிரம்மைவிட அது அவசியம். மிஞ்சிய கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். புகை போட்ட கறி ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்தான் தாங்கும். மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட உங்களுக்கு வேண்டியது உப்புக்கண்டம்.