தொட்டால் ஒட்டுமா?
ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கும் வைரஸ் கிருமிகள்

சாத்தூர் என்றதும் காராச்சேவு நினைவுக்கு வரும். வெள்ளரிக்காய் நினைவுக்கு வரும். தீப்பெட்டி நினைவுக்கு வரும். ஆனால் 2018-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்த ஊரின் பெயர் வேறு ஒரு காரணத்துக்காக நாடு முழுவதும் பேசப்பட்டது.

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். அவருக்கு இரத்தம் குறைவாக இருந்தது. டாக்டர்கள் இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தம் சிவகாசி அரசு ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் இருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது!

இரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். தன் உடம்பில் கிருமி இருப்பது அவருக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் தெரிந்தது. அவரே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றி முடிந்துவிட்டது. மனம் உடைந்த அந்த இளைஞர் அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனார். இரத்த வங்கி ஊழியர்கள் மீது அரசு நடவடிக்கை எடுத்தது.

2019 ஜனவரியில் மதுரை அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சோதனை செய்து பார்த்தார்கள். குழந்தைக்குக் கிருமி இல்லை!

இப்படி ஒரு செய்தி வந்தால் மக்கள் மனதில் பயம் வருவது இயல்பு. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாம் படுக்கலாமா? அந்தப் பெண்ணைத் தொடலாமா? அவர் குடித்த டம்ளரில் நாம் குடிக்கலாமா?

எல்லாம் செய்யலாம். பயம் வேண்டாம்.

எச்.ஐ.வி. கிருமி, உடம்புக்கு வெளியே அதிக நேரம் பிழைக்காது. காய்ந்தால் வலுவை இழந்துவிடும். இரத்தத்தின் மூலம் பரவும். பலருக்குப் போட்ட ஒரே ஊசியால் பரவும். பாதுகாப்பு இல்லாத உடலுறவால் பரவும். தாயிடம் இருந்து குழந்தைக்கு வரலாம். கட்டில், நாற்காலி, தட்டு, துணி இவற்றைத் தொடுவதால் பரவாது.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

காய்ந்த இரத்தத்தில் 7 நாள்!

ஹெபடைடிஸ் பி என்று ஒரு வைரஸ் இருக்கிறது. இது கல்லீரலைத் தாக்கும். மஞ்சள் காமாலை வரும். சிலருக்குப் பல ஆண்டுகள் உள்ளேயே இருந்து கல்லீரலைக் கெடுக்கும். புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும்.

இந்தக் கிருமி, காய்ந்த இடத்தில் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். மேஜையில் ஒரு துளி இரத்தம் சிந்துகிறது. யாரும் துடைக்கவில்லை. காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆனால் கிருமி அங்கேயே இருக்கிறது. கையில் புண் உள்ள ஒருவர் அந்த இடத்தைத் தொட்டால், புண் வழியாக உள்ளே போகலாம்.

நம் பக்கத்தில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் வேலை செய்பவர்களுக்குக் கையில் சிராய்ப்பு இருக்கும், தீக்காயம் இருக்கும். தோல் என்பது உடம்பின் வேலி. வேலி உடைந்தால் ஆடு உள்ளே புகும் அல்லவா? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கைக்காயத்தைத் துணியால் கட்டிக்கொண்டு போங்கள்.

ஊசியில் கவனக்குறைவு என்றால் ஆபத்து இன்னும் பெரிது. 2009-ல் குஜராத் மாநிலம் மொடாசா பகுதியில் இந்தக் கிருமி வேகமாகப் பரவியது. பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவர்களுக்கும் போட்டதுதான் காரணம்.

கட்டில் கம்பியும் கதவுக் கைப்பிடியும்

இரத்தம் இல்லாமலும் சில கிருமிகள் பரவும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸ் அப்படிப்பட்டது. கட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், பொம்மை இவற்றில் நாள் கணக்கில் இருக்கும். தாய் கம்பியைப் பிடிக்கிறாள். அதே கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். கிருமியும் சோற்றோடு போகிறது.

கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 3 நாள் வரை இருந்ததை 2020-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆனாலும் அது முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. அதற்கு ஜன்னலைத் திறப்பதும் முகக்கவசம் போடுவதும் நல்ல காவல்.

சோப்பு செய்யும் வேலை

பல வைரஸ்களுக்கு மேலே கொழுப்பால் ஆன ஒரு சட்டை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ, அதையே இங்கும் செய்கிறது. கொழுப்பு கரைந்தால் கிருமி செத்துவிடும். ரோட்டா வைரசுக்கு அந்தச் சட்டை இல்லை. ஆனாலும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் தண்ணீரோடு போய்விடும். வயிற்றுப்போக்கு உள்ள இடத்தில் சானிடைசர் தடவினால் மட்டும் போதாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

இரத்தம் சிந்திய இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது? முதலில் கையுறை போட்டுக்கொண்டு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். அதன் பிறகே பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரை விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சிங் பவுடரின் வீரியம் அழுக்கோடு செலவாகிவிடும். அந்தத் தண்ணீரை அன்றன்றே கலக்க வேண்டும். ஆசிட்டுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. விஷ வாயு கிளம்பும்!

நீங்கள் செய்ய வேண்டியது

நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலில் உட்காராதீர்கள். டிபன் கேரியரைக் கட்டிலில் வைத்துத் திறக்காதீர்கள். கைக்குழந்தையைத் தரையில் விடாதீர்கள். உள்ளே போகுமுன் ஒரு தடவை, வெளியே வந்ததும் ஒரு தடவை கை கழுவுங்கள்.

ஊசி போடும்போது, "புது ஊசிதானே?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும். 6, 10, 14 வாரங்களில் மற்ற ஊசிகளோடு ரோட்டா சொட்டு மருந்தும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

எச்.ஐ.வி. பற்றிச் சந்தேகமா? அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கிறது. சோதனை இலவசம். மருந்தும் இலவசம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் நெடுநாள் நலமாக வாழ்கிறார்கள். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வார்டைக் கூட்டித் துடைக்கும் தூய்மைப் பணியாளரை நாம் கவனிப்பதே இல்லை. டாக்டர் கொடுக்கும் மருந்து ஒரு நோயாளியைக் காப்பாற்றுகிறது. அவர் துடைக்கும் துணியோ, அடுத்து அந்தக் கட்டிலுக்கு வரப்போகும் நோயாளிகளை எல்லாம் காப்பாற்றுகிறது. அவருக்குக் கையுறையும் தடுப்பூசியும் கிடைக்க வேண்டும்.

நோயாளியைக் கண்டு ஒதுங்காதீர்கள். அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லுங்கள். பிறகு உங்கள் கையைக் கழுவுங்கள்.