அழுகண்ணி அழுவதில்லை!

பூச்சி செடியைத் தின்னும். செடி பூச்சியைத் தின்னுமா? "போங்கம்மா, கதை விடாதீங்க" என்று நம் வீட்டுப் பிள்ளைகளே சிரிப்பார்கள். ஆனால் நம் ஊர்ப் பக்கமே அப்படியொரு செடி இருக்கிறது. அதன் பெயர் அழுகண்ணி. தாவர நூலில் 'ட்ரோசெரா' என்பார்கள். உலகில் 200 வகைகளுக்கு மேல் உண்டு.

சமவெளியின் ஈரமான மணற்பாங்கில் 'ட்ரோசெரா பர்மானி' வளர்கிறது. ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, தரையோடு ஒட்டிய சின்னப் பூக்கோலம் போல இருக்கும். 'ட்ரோசெரா இண்டிகா' மெல்லிய தண்டோடு நிமிர்ந்து நிற்கும். நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் 'ட்ரோசெரா பெல்டேட்டா'வைப் பார்க்கலாம். இதற்கு இலை பிறை வடிவம். வெயில் காலத்தில் மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் சிறு கிழங்காக உயிரோடிருந்து, மழை வந்ததும் தளிர்த்துவிடும்.

பூச்சி சிக்குவது எப்படி?

இலை முழுக்கச் சிவந்த மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணீர் போல ஒரு துளி. வெயிலிலும் காயாமல் மின்னும். தேன் என்று நம்பி உட்காரும் கொசுவுக்கும் எறும்புக்கும் அது பசை! திமிறத் திமிறப் பக்கத்து மயிர்களும் வளைந்து அமுக்கும். பர்மானியின் ஓரத்து மயிர்கள் சில நொடிகளிலேயே வளைந்துவிடும். பிறகு இலை சுரக்கும் நீர் பூச்சியைக் கரைத்துவிடும். சில நாளில் இலை விரியும்போது வெறும் கூடுதான் மிச்சம்.

பாவம், அதற்கும் காரணம் இருக்கிறது. மழை அலசிப்போன அந்த மண்ணில் தழைச்சத்து கிடையாது. சோற்றை மற்றச் செடிகளைப் போல வெயிலில் தானே சமைத்துக்கொள்கிறது. பூச்சி, நாம் சோற்றோடு சேர்க்கும் பருப்பு மாதிரி!

விஞ்ஞானி சார்லஸ் டார்வின் இங்கிலாந்து வகை ஒன்றை ஆராய்ந்து, 1875-ல் ஒரு புத்தகமே எழுதினார். சர்க்கரைத் தண்ணீர், தேநீர் விட்டால் இலை அசையவில்லை. பால், முட்டையின் வெள்ளை வைத்தால் மயிர்கள் வளைந்தன. சத்தான சாப்பாடு எதுவென்று அதற்குத் தெரிகிறது, பாருங்கள்!

இன்னொரு சாமர்த்தியம். பூவை மட்டும் நீளமான காம்பில் உயரே வைக்கிறது. மகரந்தம் கொண்டுவரும் பூச்சி இலையில் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா?

ஐரோப்பாவில் இருமலுக்கு இதை மருந்தாக்கினார்கள். நம் நாட்டு வைத்தியத்திலும் இடம் உண்டு. அதற்காக நாமாகப் பறித்துக் கஷாயம் வைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம். எதற்கும் மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டுத் தொட்டியில் வைக்கலாமே என்று தோன்றும். குழாய்த் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாது; உரமும் ஆகாது. நிழல் விழுந்தாலும் நலிந்துவிடும். அதற்கு வேண்டியது, யாரும் கை வைக்காத ஈரமான திறந்தவெளி. 'சும்மா கிடக்கும் சதுப்பு' என்று மண்ணைக் கொட்டி மனை போட்டால், அங்கிருந்த அழுகண்ணி அத்தோடு போச்சு.

மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனால், பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பறிக்க மட்டும் விடாதீர்கள்!