நிவாரணப் பணமும் நிக்கோபார்க் குடும்பங்களும்

நிக்கோபார்த் தீவுகளில் நிலமும் தென்னந்தோப்பும் தனியாள் பெயரில் இருப்பது அபூர்வம். ‘துஹெட்’ எனப்படும் கூட்டுக் குடும்பமே அவற்றுக்கு உடைமைதாரர். தாத்தா பாட்டி, அவர்களுடைய உடன்பிறப்புகள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எனப் பல வீடுகளில் பரவி வாழும் பெருங்குடும்பம் அது. எந்தத் தம்பதி எந்தத் தோப்பில் காய் பொறுக்கலாம், விருந்துக்கு எத்தனை பன்றி அறுக்கலாம் என்பதையெல்லாம் மூத்தவர் முடிவு செய்வார். காயை உடைத்துப் பரண்மேல் பரப்பி, கீழே தீ மூட்டி, அந்தச் சூட்டிலும் புகையிலும் கொப்பரையை உலர்த்துவார்கள். அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்குவார்கள். ரொக்கம் கைக்கு வருவது குறைவு. தாயும் தகப்பனும் தோப்புக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்ற கவலையும் இல்லை. பாட்டியோ பெரியம்மாவோ பக்கத்திலேயே இருப்பார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இந்த ஏற்பாட்டின் அடிமண்ணையே கொண்டுபோனது. அரசுக் கணக்குப்படி அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 3,500 பேருக்கு மேல்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிக்கோபார் மாவட்டத்தினர். டிரிங்கட் தீவு துண்டு துண்டானது. நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்துவிட்டதால் கடலோரத் தோப்புகள் உப்புநீரில் நின்று பட்டுப்போயின. புதிதாக நடும் நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகளாவது பிடிக்கும். அதுவரை அரசு தரும் அரிசியும் பணமும்தான் பிழைப்பு.

நிவாரணம் கொடுக்க அதிகாரிகளுக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. குடும்பம், குடும்பத் தலைவர், வங்கிக் கணக்கு என்பன அதன் கட்டங்கள். மற்ற இடங்களில் செய்வதுபோலவே கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோரை ஒரு குடும்பமாக எழுதினார்கள். துஹெட்டுக்கு அந்தக் கட்டங்களில் இடம் இல்லை. இழந்த தோப்பு கூட்டுக்குச் சொந்தம், அதற்கு ஈடாக வந்த பணமோ தனித்தனிக் கணக்கில் விழுந்தது. கணக்கும் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருந்தது. அதுவரை பாஸ்புக்கையே பார்த்திராத வீடுகளில் ஒரே நாளில் பெருந்தொகை புழங்கத் தொடங்கியது. பலர் மோட்டார் சைக்கிளும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்கினார்கள், குடியும் கூடியது. இன்னொரு பக்கம், பயிரிழப்புக்கு ஈடாகச் சிலருக்கு வெறும் 2 ரூபாய்க்குக் காசோலை வந்ததும் அப்போது செய்தியானது. எல்லாம் இழந்தவர்களுக்கு அந்தக் காகிதம் செய்த அவமதிப்பைச் சொல்லி மாளாது. மத்திய நிக்கோபாரில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங், வெளியிலிருந்து குவிந்த உதவியே இன்னொரு பேரிடராக மாறியதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பணத்துக்கு அடுத்து வீடுகள் வந்தன. முதலில் தகரக் கொட்டகைகள். தீவின் வெயிலில் பகலில் உள்ளே இருக்க முடியாது. பிறகு தீவுக்கூட்டம் முழுவதற்கும் சுமார் 9,800 நிரந்தர வீடுகள் கட்டினார்கள். அவற்றில் ஏறத்தாழ 7,000 வீடுகள் நிக்கோபார் மாவட்டத்தில் எழுந்தன. கட்டுமானப் பொருள்கள் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தன. கடலை விட்டுத் தள்ளி, வரிசை வரிசையாக, ஒரு தம்பதிக்கு ஒரு வீடு என்று அமைத்தார்கள். விதவைப் பெரியம்மா யார் வீட்டில் இருப்பார், மூத்தவருக்குச் சோறு எந்த அடுப்பிலிருந்து வரும் என்பவை அதற்கு முன் யாரும் கேட்க வேண்டியிராத கேள்விகள். புது வீட்டு வாசலில் அவை பூசலாக வெடித்தன.

அரசுத் தரப்புக்கும் நியாயம் உண்டு. நூறு பேர் கொண்ட கூட்டத்துக்கான தொகையை ஒரு முதியவர் கையில் கொடுத்தால், அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்று தணிக்கையில் எப்படிக் காட்டுவது? மூத்தவர் தன் சொந்தப் பிள்ளைகளுக்கே கூடுதலாகக் கொடுத்தால் இளையவர் எங்கே முறையிடுவார்? படித்த இளைஞர்களில் பலர் தங்கள் பணத்துக்குத் தாங்களே பொறுப்பாக இருக்க விரும்பினார்கள், அந்த விருப்பத்தைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வழி இருந்தது. ஒவ்வோர் ஊருக்கும் கேப்டன்கள் எனப்படும் ஊர்த்தலைவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேல் பழங்குடி மன்றங்கள் இருக்கின்றன. தோப்புக்கான ஈட்டைத் துஹெட்டின் பெயரிலும், உயிரிழப்புக்கான தொகையை நெருங்கிய உறவினர் பெயரிலும் கொடுக்கலாமா என்று அவர்களிடமே பேசியிருக்கலாம். பெண்ணுக்குத் தனிக் கணக்குத் திறந்திருந்தால், கூட்டுக் குடும்பம் உடையாமலேயே அவள் கையில் பணம் இருந்திருக்கும். பட்டியல் எளிதாக முடிய வேண்டும் என்ற அவசரத்துக்கு ஒரு சமூகம் கொடுத்த விலை மிகப் பெரியது.

கொப்பரை இல்லாத அந்த ஆண்டுகளில் கட்டட வேலையும் அரசு வேலையுமே வருமானம். மணியடித்துத் தொடங்கும் வேலைக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது. அங்கன்வாடி இருக்கிறதுதான், ஆனால் 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள்தான் அங்கே உட்கார்ந்து படிப்பவர்கள், அதுவும் நாளில் சில மணி நேரமே. கைக்குழந்தைக்குச் சத்துணவு கிடைக்கும், பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது. ஆறு மாதக் குழந்தை முதல் நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தோடு அங்கன்வாடியை இணைக்கும் ‘பால்னா’ திட்டம் 2022இல்தான் வந்தது.

அந்தமானில் நிலைமை வேறு மாதிரி. 1949 முதல் கிழக்கு வங்க அகதிகளைக் குடியேற்றியபோதே, ஒரு குடும்பத்துக்கு வயலும் மேடுமாகப் பத்து ஏக்கர் என்று குடும்பத்தை அலகாக்கித்தான் நிலம் கொடுத்தார்கள். பிழைப்பு தேடி வந்த தமிழர், தெலுங்கர், ராஞ்சி மக்கள் ஆகியோரின் சொந்தபந்தம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் வர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். பேரனைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி நினைத்தவுடன் கிளம்பிவிட முடியாது.

இங்கே பிளவு கூட்டுக் குடும்பத்துக்கும் தனிக் குடும்பத்துக்கும் இடையே இல்லை. நிரந்தர ஊழியருக்கும் தினக்கூலி மஸ்தூருக்கும் இடையே இருக்கிறது. நிரந்தர அரசு வேலையில் இருக்கும் தாய்க்கு மத்திய அரசு விதிப்படி 180 நாள் பேறுகால விடுப்பு உண்டு. முதல் இரண்டு பிள்ளைகள் 18 வயதாகும்வரை, மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் எடுக்கலாம். தகப்பனுக்கு 15 நாள். மனைவியில்லாமல் தனியே பிள்ளை வளர்ப்பவராக இருந்தால் மட்டும் 730 நாள் உரிமை அவருக்கும் உண்டு. குழந்தை வளர்ப்பு தாயின் பொறுப்பே என்ற எண்ணம் விதியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. மஸ்தூர் பெண்ணுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தில்லி மாநகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. பராமரிப்பு விடுப்பு அவளுக்கு இல்லை. தீவில் சுமார் 4,000 மஸ்தூர்கள் உயர்ந்த கூலியும் அகவிலைப்படியும் கேட்டு நடத்திய வழக்கில், ஆணையை நிறைவேற்றவில்லை என்று 2023 ஆகஸ்ட் 3 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலரையே இடைநீக்கம் செய்தது; துணைநிலை ஆளுநருக்கு 5 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. சட்டப் போராட்டம் இந்த உயரத்தில் நடந்துகொண்டிருக்க, மாதச் செலவைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வீட்டில் காத்திருப்புத்தான் மிச்சம்.

யாரைக் குடும்பமாகக் கொள்வது என்ற சிக்கல் தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தொடக்கத்தில் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. பணம் பெண்ணின் கணக்குக்கே போவது நிக்கோபாரில் நடந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர் என்பது விதி. மாமியாரும் மருமகளும் ஒரே கார்டில் இருந்தால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கார்டைப் பிரித்துக்கொள்வதா, விட்டுக்கொடுப்பதா என்ற பேச்சு அப்போது பல வீடுகளில் எழுந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 குடும்பத்தின் மூத்த பெண்ணைத் தலைவியாக்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களை ஒரு குடித்தனமாக எண்ணுகிறது. அரசின் கைகளிலேயே குடும்பத்துக்கு இத்தனை அளவுகோல்கள் இருக்கும்போது, துஹெட்டுக்கும் ஒன்றை வகுப்பது முடியாத காரியமாக இருந்திருக்காது.

துஹெட் அடியோடு அழிந்துவிடவில்லை. நிலமும் மரமும் இன்றும் அதன் பொறுப்பிலேயே இருக்கின்றன. கல்யாணத்துக்கும் விருந்துக்கும் உறவுகள் கூடித்தான் பன்றியும் கிழங்கும் திரட்டுகிறார்கள். வீடும் வங்கிக் கணக்கும் தம்பதியிடம், தோப்பு மூத்தவரிடம் என்று குடும்பச் சொத்து இரண்டு முறைகளில் நடக்கிறது. மறுபடி நட்ட தென்னைகளின் வருமானத்தை எந்த முறைப்படி பங்கிடுவது என்பதை ஒவ்வொரு துஹெட்டும் தனக்குத்தானே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.