குழி விழுந்த பந்தும் மெலிந்த காற்றும்

பழனி மலையில் உள்ள பூம்பாறைக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே வத்தலக்குண்டில் வண்டியில் ஏற்றும்போது தொளதொளவென்று இருந்த பாக்கெட், மலைக்கு வந்ததும் விறைத்து உப்பிக்கொண்டு நிற்கும். வழியில் யாரும் அதற்குள் காற்றடைக்கவில்லை. உள்ளே இருந்த காற்று அப்படியேதான் இருக்கிறது. வெளியிலிருந்து அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றுதான் குறைந்துபோனது.

பூம்பாறை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் இன்னும் மேலே, 2,100 மீட்டருக்கும் அதிகம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதனால்தான் இங்குள்ள வீட்டு அடுப்பில் தண்ணீர் 94 டிகிரியைத் தொடுவதற்குள்ளேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்க அம்மா படும் பாட்டுக்கும் இதுதான் காரணம்.

பருப்பைப் பாடாய்ப் படுத்தும் இதே காற்று, ஒரு விளையாட்டில் பந்தைக் கூடுதல் தூரம் போகவிடுகிறது. கொடைக்கானலில் பசுமைப் பள்ளத்தாக்கு காட்சிமுனைக்குப் பக்கத்தில், சாலையோரம் பெரிய புல்வெளி ஒன்று ஏறி இறங்கிப் போகுமே, அதுதான் கொடைக்கானல் கோல்ஃப் கிளப். 1895-ல் தொடங்கியது. 18 குழிகள். சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, குழிக்குள் தள்ள வேண்டும். எவ்வளவு குறைந்த அடியில் தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆட்டம் இவ்வளவுதான். பணம் நிறையச் செலவாகும் விளையாட்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் இயற்பியலைத் தெரிந்துகொள்ள ஒரு காசும் வேண்டாம்.

பந்திலிருந்து ஆரம்பிப்போம். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குழிகள். பந்துக்குப் பந்து எண்ணிக்கை மாறும், பெரும்பாலும் 300-லிருந்து 500-க்குள். ஒவ்வொரு குழியின் ஆழமும் கால் மில்லிமீட்டர் அளவுதான். நகத்தால் தடவினால் தட்டுப்படும், அவ்வளவே.

வழவழப்பான பந்துதானே காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும்? பழைய காலத்து ஆட்டக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1840-களின் கடைசியில் ஸ்காட்லாந்தில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்துகள் புழக்கத்துக்கு வந்தன. புதுப் பந்து பளபளவென்று இருக்கும். ஆனால் ஆடி ஆடி வெட்டும் கீறலும் விழுந்த பழைய பந்துதான் ஒழுங்காகப் பறந்தது. ஆட்டக்காரர்கள் யோசித்தார்கள். புதுப் பந்தையே சுத்தியலால் தட்டி வடு உண்டாக்கத் தொடங்கினார்கள்! 1905-ல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் இப்போதைய குழிகளுக்குக் காப்புரிமை வாங்கினார்.

குழி என்ன செய்கிறது? பறக்கும் பந்தின் மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு ஓடும். வழவழப்பான பந்தாக இருந்தால் அந்தப் படலம் பந்தின் நடுப்பகுதிக்கு வந்ததுமே பிய்த்துக்கொண்டு விலகிவிடும். பந்துக்குப் பின்னால் அகலமான ஒரு கலங்கல் பகுதி உண்டாகும். அங்கே அழுத்தம் குறைவு, முன்னால் அழுத்தம் அதிகம். விளைவு, பந்து பின்னோக்கி இழுக்கப்படும். குழிகளோ அந்தப் படலத்தைச் சிறிது சிறிதாகக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் சுலபத்தில் விலகாது, பந்தின் முதுகுப்புறம் வரை ஒட்டிக்கொண்டே போகும். கலங்கல் பகுதி சுருங்குகிறது, இழுவை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கிரிக்கெட் பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் வீரர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்களே, அங்கேயும் இதே படலத்தின் வேலைதான்.

சரி, கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றால் பந்தும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போக வேண்டுமே? கேட்டீர்களானால் சபாஷ். ஆனால் போகாது. கடற்கரையில் 100 மீட்டர் போகும் அடி இங்கே சுமார் 106-லிருந்து 108 மீட்டர் போகும். மீதி எங்கே போனது?

அதற்கு இன்னொரு புதிரை அவிழ்க்க வேண்டும். ஒரு பொருளை 45 டிகிரி சாய்வில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. தோட்டத்தில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும். ஆனால் கோல்ஃபில் மிகத் தூரம் அடிக்கும் மட்டைக்கு டிரைவர் என்று பெயர். அதன் முகச் சாய்வு 10 டிகிரி அளவுதான்! பாடப்புத்தகம் தவறா? தவறில்லை. அது காற்றே இல்லாத இடத்துக்கு எழுதிய கணக்கு.

மட்டை படும்போது பந்து பின்பக்கமாகச் சுழலத் தொடங்கும். நன்றாக ஆடுபவர்கள் டிரைவரால் அடித்தால் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகும். அப்படிச் சுழலும் பந்து தன்னைக் கடந்து போகும் காற்றைக் கீழே வளைத்து அனுப்புகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும், நியூட்டனின் மூன்றாம் விதி. எடின்பரோவில் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெயிட் இந்தப் பின்சுழற்சியின் பங்கை 1890-களில் விளக்கினார், கொடைக்கானலில் கிளப் தொடங்கிய அதே பத்தாண்டில்.

ஆக, காற்று பந்தைப் பின்னுக்கு இழுக்கவும் செய்கிறது, மேலே தாங்கவும் செய்கிறது. மலையில் காற்று மெலிந்தால் இழுப்பும் குறையும், தாங்கலும் குறையும். லாபத்தில் ஒரு பகுதியை நஷ்டம் தின்றுவிடுகிறது. புதிதாக ஆடுபவர்களுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. மட்டை முகம் கோணலாகப் பட்டுப் பந்து பக்கவாட்டில் வளைந்து போவதுதான் அவர்களுடைய தீராத தொல்லை. அந்த வளைவையும் காற்றுதான் உண்டாக்குகிறது என்பதால், மலையில் கோணல் கொஞ்சம் மன்னிக்கப்படும்.

காற்றே இல்லாத இடத்திலும் ஒருவர் அடித்துப் பார்த்திருக்கிறார். 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-ல் போன ஆலன் ஷெப்பர்ட், நிலவில் மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் கோல்ஃப் மட்டையின் தலையைப் பொருத்தி இரண்டு பந்துகளை அடித்தார். விண்வெளி உடை விறைப்பாக இருந்ததால் ஒரே கையால்தான் வீச முடிந்தது. அங்கே குழிக்கும் வேலையில்லை, சுழற்சிக்கும் வேலையில்லை. நிலவில் ஆடுபவர் பாடப்புத்தகத்தை நம்பி 45 டிகிரியிலேயே அடிக்கலாம்.

இனி மட்டை. ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை பையில் வைத்துக்கொள்ளலாம். ஆரம்பிப்பவருக்கு அவ்வளவும் தண்டச்செலவு என்பது என் கட்சி. சாய்வு 30 டிகிரியை ஒட்டிய 7-ஆம் எண் அயர்ன் மட்டை ஒன்று, மணலிலிருந்து பந்தை எடுக்க 56 டிகிரி மட்டை ஒன்று, குழிக்குள் உருட்டிவிட ஒன்று, இவை போதும். பெரியவர்களின் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிப் பிள்ளைகளிடம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். தலை அதே கனத்தில் இருக்கும், தண்டு வளையாமல் முரண்டு பிடிக்கும். பிள்ளைகளின் உயரத்துக்கென்றே செய்த மட்டைகள் இருக்கின்றன.

பிடிப்பு எப்படி இருக்க வேண்டும்? கனிந்த மலைவாழைப்பழத்தைக் கையில் வைத்திருப்பதுபோல: நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், மட்டையின் வேகம் முழங்கையோடு நின்றுவிடும்.

அடுத்தது, எல்லோரும் செய்யும் தப்பு. பந்து மேலே எழ வேண்டுமென்று அதற்கு அடியில் மட்டையை விட்டுக் கிளப்பப் பார்ப்பார்கள். பந்து தரையோடு தரையாக ஓடும், அல்லது மட்டை மண்ணில் மோதி நிற்கும். தூக்குவது உங்கள் வேலையில்லை, மட்டையின் சாய்வுடைய வேலை. அயர்ன் மட்டையைக் கீழ்நோக்கி வரும் வீச்சிலேயே பந்தின்மேல் படவிடுங்கள். சாய்வான முகத்தில் ஏறிச் சுழன்றுகொண்டு பந்து தானாக மேலே போகும்.

மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அதற்குள் பந்து அமுங்கி, விரிந்து, பறந்துவிடுகிறது. அப்புறம் நீங்கள் மட்டையை எப்படிச் சுழற்றினாலும் பந்துக்குத் தெரியப்போவதில்லை. பிறகு ஏன் பயிற்சியாளர்கள் வீச்சைத் தோளுக்கு மேல் வரை கொண்டுபோய் முடிக்கச் சொல்கிறார்கள்? பந்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கும் கை, பந்தைத் தொடுமுன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். அதற்காகத்தான்.

மார்கழி, தை மாதக் காலைகளில் இன்னொரு சங்கதி. குளிர்ந்த ரப்பருக்குத் துள்ளல் குறைவு, குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். இரண்டும் சேர்ந்து தூரத்தைக் குறைக்கும். அடுத்த குழியில் ஆடப்போகும் பந்தைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக வைத்திருக்கலாம். பனிமூட்டத்தில் காற்று கனமாகிவிடும் என்று பெரியவர்கள்கூட நம்புகிறார்கள். உண்மையில் நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது, அதனால் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் எடை குறைந்தது. மூட்டத்தில் ஆட்டத்தைக் கெடுப்பது மட்டையின் முகத்தில் படியும் ஈரம். பிடிமானம் குறைந்து பந்து சரியாகச் சுழலாது. ஒரு துண்டு வைத்துக்கொண்டு துடைத்தால் போதும்.

குழியைச் சுற்றி மட்டமாக வெட்டிய புல்பரப்பில், பந்து சரிவுக்கு ஏற்ப வளைந்து ஓடும். வீட்டில் கேரம் பலகையின் ஒரு பக்கத்துக்கு அடியில் நோட்டுப்புத்தகத்தை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். சரிவுக்குக் குறுக்காகக் கோலிக்குண்டை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் உருட்டுங்கள். மெதுவாகப் போனதுதான் அதிகம் வளைந்திருக்கும், புவியீர்ப்பு அதை இழுக்க அதிக நேரம் கிடைத்ததால். மெதுவாக உருட்ட நினைத்தால் இன்னும் மேட்டுப்பக்கமாகக் குறிவைக்க வேண்டும்.

கோல்ஃபில் நடத்தை விதிகள் நிறைய. சில வெறும் சம்பிரதாயம், சிலவற்றுக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. பந்து ஆட்கள் இருக்கும் பக்கம் போனால் “ஃபோர்!” என்று உரக்கக் கத்த வேண்டும் என்பது முதல் விதி. பந்து கிளம்பிய பிறகு கத்தி என்ன பயன் என்று தோன்றும். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகும். 150 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் உங்கள் கத்தல் அரை வினாடிக்குள் விழுந்துவிடும். உயர எழும்பிப் போகும் பந்து அங்கே வந்து விழச் சில வினாடிகள் ஆகும். தலையைக் கைகளால் மூடிக் குனிய அது தாராளம். கத்தல் கேட்டதும் எங்கே என்று அண்ணாந்து பார்ப்பதுதான் ஆபத்து.

அடிக்கும்போது புல்கட்டி ஒன்று வேரோடு பெயர்ந்து தெறிக்கும். அதை எடுத்து வந்து பள்ளத்தில் வைத்துக் காலால் அமுக்கிவிட வேண்டும். உடனே செய்தால்தான் பயன். வெயிலில் வேர் காய்ந்துவிட்டால் பிறகு ஒட்டாது, மலைக்குளிரில் புல் மறுபடி வளர்ந்து அந்த வடுவை மூட நாளாகும். மணலில் ஆடினால் வாரியால் சமப்படுத்திவிட்டு வர வேண்டும். காணாமல் போன பந்தைத் தேட 3 நிமிடம்தான். 2019-க்கு முன்பு 5 நிமிடமாக இருந்தது. ஆனால் பந்தின் மேலுறை பிளாஸ்டிக் வகை, மக்காது. விதிக்குக் கட்டுப்பட்டு ஆட்டத்தைத் தொடருங்கள், மற்றவர் தொலைத்த பந்து கண்ணில் பட்டால் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கொடைக்கானல் மைதானத்தில் மட்டும் இன்னொரு ஆட்டக்காரரையும் மதிக்க வேண்டியிருக்கும்: காட்டுமாடு. முழு வளர்ச்சி அடைந்த கிடா ஒன்று 1,000 கிலோவைக்கூடத் தொடும். பழனி மலையில் ஒரு காலத்தில் சோலைகளுக்கு இடையே பரந்து கிடந்த புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை, யூகலிப்டஸ், பைன் தோப்புகளாகிவிட்டது. மேய்ச்சல் போன மாடு, நறுக்கென்று வெட்டிய பச்சைப் புல் தயாராக இருக்கும் இடத்தைத் தேடி வருவதில் என்ன ஆச்சரியம்? சாதுவாக மேய்வதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கன்றுடன் இருந்தால் இன்னும் தள்ளியே நிற்க வேண்டும். பந்து அதன் காலடியில் கிடந்தால் விட்டுவிடலாம். விஷப்பாம்பு, கொட்டும் தேனீ போன்ற ஆபத்தான உயிரினம் பக்கத்தில் இருந்தால் தண்டனை அடி இல்லாமல் பாதுகாப்பான இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம் என்று கோல்ஃப் விதிப்புத்தகமே அனுமதிக்கிறது. மாடு குழிக்குப் பக்கத்திலேயே படுத்து அசைபோடத் தொடங்கிவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் வருபவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள், அவர்களும் அதே மாட்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.