சிவப்பும் கறுப்பும் மாறினால்

என் மச்சான் கல்லடியில் ஓட்டோ ஓட்டுகிறார். பின் சீற்றுக்குப் பின்னால் ஒரு சப்வூபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர், வைத்திருந்தார். பாட்டுப் போட்டால் முதுகே அதிரும். போன மாதம் அதே மாதிரி இன்னொன்று வாங்கி, அதற்கும் தனிப் பெட்டி அடித்துப் பூட்டினார். ஆனால் அன்றைக்கு 'டும் டும்' கூடவில்லை, காணாமலே போய்விட்டது! பாடகியின் குரல் மட்டும் கேட்டது.

"ரெண்டு பேர் சேர்ந்தா சத்தம் கூடத்தானே வேணும், மாமா?" என்று மருமகன் கேட்டான்.

நல்ல கேள்வி. ஸ்பீக்கருக்குள் ஒரு கம்பிச்சுருளும் காந்தமும் இருக்கின்றன. மின்சாரம் ஒரு பக்கமாக ஓடினால் சுருள் கூம்பை வெளியே தள்ளும், மறுபக்கமாக ஓடினால் உள்ளே இழுக்கும். கூம்பு வெளியே வரும்போது காற்று நெருங்கும், உள்ளே போகும்போது தளரும். மச்சான் இரண்டாவது ஸ்பீக்கரில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொழுவிவிட்டார். ஒரு கூம்பு காற்றை நெருக்க, மற்றது அதே நொடியில் தளர்த்தியது. ஊஞ்சலை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் ஆடுமா?

பாடகியின் குரல் மட்டும் ஏன் தப்பியது? அதைச் சின்ன ஸ்பீக்கர்கள் பாடின, அவற்றின் வயர்கள் சரியாகவே இருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றை மாற்றிக் கொழுவியிருந்தாலும் குரல் இப்படி அழிந்திராது. செக்கனுக்கு 40 தடவை அதிரும் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய எட்டரை மீற்றர் நீளம். ஓட்டோவோ மூன்று மீற்றர்கூட இல்லை. அதற்குள் இருக்கும் இரண்டு பெட்டியும் அந்த அலைக்கு ஒரே இடம் மாதிரித்தான், அதனால் ஏறக்குறைய முழுதாக அழிந்துவிடுகிறது. கீச்சென்ற ஒலியின் அலை ஒரு சாண்கூட வராது. ஓரிடத்தில் அழிந்தாலும் பக்கத்தில் தப்பிவிடும்.

சப்வூபருக்குப் பெட்டி வேண்டியதும் இதனால்தான். கூம்பின் முன்பக்கம் காற்றை நெருக்கும்போது முதுகுப்பக்கம் தளர்த்துகிறது. அந்த முதுகு அலையைப் பெட்டிக்குள் பூட்டாவிட்டால் ஒலி தன்னைத் தானே தின்றுவிடும்.

எது சரியான பக்கம் என்று அறிய ஒரு சுலப வழி: அம்பிளிபையரிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, ஒன்றரை வோல்ற் டோர்ச் பற்றரியின் இரு முனையையும் அதன் வயர்களில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே எட்டிப் பார்த்தால், பற்றரியின் கூட்டல் முனை தொட்ட வயர்தான் கூட்டல். மருமகன் இதை இருபது தடவை செய்து பார்த்தான். சோதனைக்கு ஒரு தடவை போதும்!

வாகனப் பற்றரியை மட்டும் நீங்கள் தொட வேண்டாம், அது பெரியவர்கள் வேலை. அது 12 வோல்ற்தான், ஷொக் அடிக்காது. ஆனால் 240 வாற் வேண்டுமென்றால் 20 அம்பியர் ஓட வேண்டும். வீட்டில் 230 வோல்ற்றில் இதே வேலைக்கு ஓர் அம்பியர் போதும். அதனால்தான் அம்பிளிபையருக்குப் போகும் சிவப்பு வயர் விரல் மொத்தம். பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸும் வேண்டும். எங்காவது வயர் உரசித் தகட்டில் தொட்டால், தீப்பிடிக்க முன் பியூஸ் உருகி அறுந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாகக் கொழுவினால் 2 ஓம், ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவினால் 8. நம் மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு என்று இரண்டு வாய்கள். மாரி வெள்ளத்தில் இரண்டும் திறந்தால் தண்ணீர் வேகமாகக் கடலுக்கு ஓடும் அல்லவா? அதுபோல 2 ஓமில் மின்சாரம் கூட ஓடும். அம்பிளிபையர் அதைத் தாங்காவிட்டால் சூடேறிப் படுத்துவிடும்.

அது சரி, வாவிக்குள்ளும் சப்வூபர் உண்டோ? உண்டு என்பேன். மீன்களில் சில, வயிற்றுக் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்பும். கூம்பும் பெட்டியும் சேர்ந்த வேலை அது. அமெரிக்காவில் சோசலிட்டோ என்ற ஊரின் படகு வீட்டுக்காரர்கள் 1980களில் இரவில் கேட்ட 'உம்ம்' ஒலியால் தூக்கமிழந்தார்கள். இயந்திரம் என்று சந்தேகித்தார்கள். கடைசியில் பார்த்தால் ஒரு மீன்!

எங்கள் வாவியிலும் நீருக்குள்ளிருந்து ஒரு பாட்டுக் கேட்கும். அதை 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் கேட்டு எழுதினார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி கூடியதாம். நீருக்குள் எழும் ஒலியில் ஏறக்குறைய முழுவதும் நீர்மட்டத்தில் மோதித் திரும்பிவிடும், காற்றுக்குள் வராது. மரம் அதை வாங்கிக் காதுக்குத் தரும். பாடுவது மீன் என்பார் சிலர், ஊரி என்பார் சிலர்.

மச்சான் வயரைச் சரியாக மாற்றிக் கொழுவியதும் 'டும் டும்' திரும்பியது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியிலிருந்து மருமகன் துடுப்பை நீரில் விட்டு, பிடியைக் காதில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் கரையைப் பார்த்துக் கையை ஆட்டினான். ஓட்டோவில் பாட்டை நிற்பாட்டச் சொல்லி.